டிக்கி மூடிடுச்சு... வண்டி தாங்குமா? கார்த்திகை மழையில் பீங்கான் ஏற்றி வரும் கார்களுக்கு ஒரு கணக்கு!

கார்த்திகை தீபம் நெருங்கினால் விருத்தாசலம் பக்கம் வந்துபோகும் கார்களின் தோற்றமே மாறிவிடும். வரும்போது நேராக நிமிர்ந்து வரும் கார், திரும்பும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் பம்மிப் போகும். டிக்கியில் பீங்கான் அகல் விளக்குப் பெட்டிகள், அதற்கு மேல் பொம்மைகள், பின் சீட்டில் இடுக்கிக்கொண்டு நாலு பேர், அவர்கள் மடியிலும் ஒரு பெட்டி.

விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்பேட்டை ஊருக்கே ஓர் அடையாளம். நவராத்திரிக்கு கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு என்று சூளைகளுக்கு சீசன் களைகட்டுகிற மாதங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. வடகிழக்குப் பருவமழைக்கும் அதே மூன்று மாதங்கள்தான். ஆக, வருஷத்திலேயே கார்களில் அதிக எடை ஏறும் நாள்களும், சாலை மோசமாக இருக்கும் நாள்களும் ஒன்றாக வந்து சேருகின்றன. விருத்தாசலத்திலிருந்து கம்மாபுரம் வழியாக சேத்தியாத்தோப்பு, புவனகிரி பக்கம் போகிற சாலையில் இந்த மாதங்களில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். வயல்களுக்கு நடுவே போகும் சாலை, ஊருக்கு ஊர் ஸ்பீடு பிரேக்கர், மழை விட்டதும் குளமாகும் ஓரங்கள்.

லாரிக்குத்தான் ஓவர்லோடு, காருக்கு என்ன என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. டிக்கி கதவு மூடினால் எடை சரி என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

இடம் இருக்கு, எடை இல்லை!

ஒரு சிறிய ஹேட்ச்பேக் காரை எடுத்துக்கொள்வோம். காலியாக அதன் எடை சுமார் 900 கிலோ. ஆள், சாமான் எல்லாம் சேர்த்து அந்த கார் தாங்கலாம் என்று நிறுவனம் சொல்லும் உச்ச எடை சுமார் 1,350 கிலோ. மாடலுக்கு மாடல் இது மாறும். ஆனால், நம் ஊரில் ஓடும் பல சின்ன கார்கள் இந்தக் கணக்குக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. இடையில் இருப்பது 450 கிலோ.

அதில் ஐந்து பெரியவர்கள் ஏறுகிறார்கள். ஆளுக்கு 65 கிலோ என்றால் 325 கிலோ போய்விட்டது. மிச்சம் 125. துணிப்பை, தண்ணீர் கேன், சாப்பாட்டுக் கூடை என்று ஒரு 30 கிலோ. மிச்சம் 95. இப்போது 20 கிலோ பீங்கான் பெட்டி நாலு ஏற்றினால் 80 கிலோ. 15 கிலோதான் பாக்கி. 'இவ்வளவு தூரம் வந்துட்டோம், அரிசி நல்லா இருக்குன்னாங்க' என்று 25 கிலோ சிப்பம் இரண்டு ஏறியதும், கார் தன் எல்லையைத் தாண்டி 35 கிலோ கூடுதலாகச் சுமக்கிறது. டிக்கியோ அழகாக மூடியிருக்கும்!

அரிசி ஒரு லிட்டர் சுமார் 800 கிராம் எடை. 260 லிட்டர் டிக்கியை அரிசியால் மட்டும் நிரப்பினாலே 200 கிலோவைத் தாண்டும். பீங்கானும் அப்படித்தான். பார்க்கச் சின்னப் பெட்டி, தூக்கினால்தான் தெரியும்.

உங்கள் காருக்கான கணக்கைத் தெரிந்துகொள்வது சுலபம். ஆர்.சி.யில் 'அன்லேடன் வெயிட்' என்று இருப்பது காலி வண்டியின் எடை. காரோடு தந்த கையேட்டில் 'கிராஸ் வெயிட்' என்று இருப்பது உச்ச எடை. முதலாவதை இரண்டாவதிலிருந்து கழித்தால் உங்கள் பங்கு. வெளியில் சி.என்.ஜி. மாற்றிய கார் என்றால் சிலிண்டரின் எடையும் இந்தப் பங்கிலிருந்துதான் போகும்.

60-ல் போனாலும் 71!

காலி காரில் ஓட்டுநர் மட்டும் இருந்தால் மொத்தம் 965 கிலோ. முழுச் சுமையோடு 1,350 கிலோ. கிட்டத்தட்ட 40 சதவிகிதம் கூடுதல். அதாவது, சுமையோடு மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் காரிடம் இருக்கும் இயக்க ஆற்றல், அதே கார் காலியாக 71 கி.மீ. வேகத்தில் போகும்போது இருப்பதற்குச் சமம். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும். பிரேக்குக்கு வரும் வேலை 71-க்கானது.

கால் பழக்கம்தான் இங்கே எதிரி. தினமும் ஆபீஸுக்கு ஓட்டும்போது எவ்வளவு அழுத்தினால் எங்கே நிற்கும் என்று காலுக்கு மனப்பாடம். சுமை ஏறிய காரை அதே அழுத்தத்தில் அழுத்தினால் அதே இடத்தில் நிற்காது. ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புது கார்களிலும் கட்டாயம். ஆனால் அது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் பார்த்துக்கொள்ளும், திருப்ப விடும். ஈரச் சாலையைக் காய வைக்காது. பழைய கார் என்றால் அதுகூட இருக்காது.

மணிக்கு 60 கி.மீ. என்பது நொடிக்கு 16 மீட்டருக்கும் மேல். முன்னால் ஒரு மாடு குறுக்கே வருவதைப் பார்த்து, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போகிற ஒரு நொடியிலேயே கார் 16 மீட்டர் போய்விடும். அதற்குப் பிறகுதான் பிரேக்கே ஆரம்பம். ஈரத்தில் அந்த இரண்டாவது தூரம் இரண்டு மடங்காகும் என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. காய்ந்த சாலையில் முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் 2 நொடி இடைவெளி என்றால் மழையில் 4 நொடி வேண்டும். எப்படி அளப்பது? முன் வண்டி ஒரு மைல்கல்லைத் தாண்டும்போது 'ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு...' என்று எண்ணுங்கள். 'ஆயிரத்து நாலு' சொல்லி முடிக்கும் முன் நீங்கள் அந்தக் கல்லைத் தாண்டினால், நெருங்கிப் போகிறீர்கள்.

ஓவர்டேக்கும் மாறிவிடும். வழக்கமாக ஒரே மிதியில் தாண்டும் பஸ்ஸை, ஐந்து பேரும் பெட்டிகளும் இருக்கும்போது தாண்ட நேரம் பிடிக்கும். பாதி தூரம் எதிர்ப்பக்கத்தில் போன பிறகுதான் அது உறைக்கும். இரு வழிச் சாலையில் அந்தச் சில நொடிகளில்தான் எல்லாம் நடந்துவிடுகிறது.

யாரும் தொடாத அந்தக் குட்டிச் சக்கரம்

ஸ்டீயரிங்குக்கு அருகே, பெரும்பாலான கார்களில் வலப்பக்கம் கீழே, 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். கார் வாங்கிய நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள்தான் அதிகம். ஆனால், சுமை ஏற்றிய இரவுப் பயணத்தில் அதற்கு ஒரு முக்கியமான வேலை இருக்கிறது.

பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் உயரும். ஹெட்லைட்டும் சேர்ந்து வானத்தைப் பார்க்கும். நீங்கள் லோ பீமில்தான் ஓட்டுகிறீர்கள். எதிரே வரும் பைக்காரருக்கோ அது ஹை பீம். அவர் கண் கூசுகிறது. உங்களுக்கோ காருக்கு முன்னால் இருக்கும் பள்ளம் தெரியவில்லை. அந்தச் சக்கரத்தை 0-விலிருந்து திருப்பத் திருப்ப வெளிச்சம் கீழே இறங்கும். எத்தனை பேர், எவ்வளவு சுமைக்கு எந்த எண் என்று கையேட்டில் ஒரு சின்ன அட்டவணை இருக்கும். சில கார்களில் இது தானாகவே நடக்கும். ஐந்து நொடி வேலை, பைசா செலவில்லை.

இந்தப் பக்கத்தில் இரவு வெளிச்சம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சேத்தியாத்தோப்பில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இரவிலும் ஓடும். டிரெய்லருக்கு வெளியே தொங்கும் சோகை, பின்விளக்கு இருந்தாலும் மறைத்துவிடும். இருட்டில் அது வண்டி என்றே தெரியாது. கிட்டே போன பிறகுதான் கரும்பு தெரியும். நெய்வேலிப் பக்கமிருந்து வரும் கனரக லாரிகளின் சக்கரத்தில் ஒட்டிவரும் மண் சாலையில் படிந்து, முதல் தூறலில் சோப்பு மாதிரி வழுக்கும். நன்றாக அடித்துப் பெய்த மழையைவிட, மழை ஆரம்பித்த முதல் சில நிமிடங்கள்தான் டயருக்குச் சோதனை.

தை பிறந்தால் வேறு கதை. அறுவடை முடிந்து நெல்லும், பிறகு உளுந்துச் செடியும் சாலைக்கே வந்துவிடும். அதன் மேல் பிரேக் அடித்தால் வழுக்கும். அடியில் சுற்றிக்கொண்ட காய்ந்த செத்தை சூடான சைலன்சரில் பட்டால் தீப்பிடிக்கும். சுமையால் தாழ்ந்த காருக்கு இரண்டு ஆபத்தும் அதிகம்.

டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

டயரின் பக்கவாட்டில் '165/80 ஆர்14 85டி' என்பது போல ஒரு எழுத்து இருக்கும். கடைசியில் வரும் 85 என்பது சுமைக் குறியீடு. அந்த டயர் 515 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 82 என்றால் 475 கிலோ. 80 என்றால் 450. 78 என்றால் 425. டயர் மாற்றும்போது 'இதுவும் அதே சைஸ்தான் சார், கொஞ்சம் விலை கம்மி' என்று எண் குறைந்த டயரைப் போட்டுவிட்டால், சீசன் நேரத்தில் அதன் பலன் தெரியும்.

காற்றழுத்தம் அதைவிட முக்கியம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல கார்களில் இரண்டு வரிசை எண்கள்: சாதாரணச் சுமைக்கு ஒன்று, முழுச் சுமைக்கு இன்னொன்று. முழுச் சுமை வரிசையில் பின் டயருக்கு எண் கூடுதலாக இருப்பதைப் பாருங்கள். பங்க்கில் 'எவ்வளவு சார்?' என்று கேட்டால் நாலுக்கும் ஒரே எண்ணைச் சொல்வதுதான் நம் பழக்கம். காற்று குறைந்த டயர் சுமையில் பக்கவாட்டில் மடங்கி மடங்கி நிமிரும். அதனால் சூடேறும். அந்தச் சூடுதான் வெடிக்க வைக்கிறது. மழையில் இன்னொரு கெடுதல், காற்று குறைந்த டயர் தண்ணீரைப் பிளந்துபோகாமல் அதன்மேல் மிதக்கப் பார்க்கும். டயர் ஆறியிருக்கும்போது, அதாவது கிளம்பி ஓரிரு கிலோமீட்டருக்குள், காற்று பிடியுங்கள். ஸ்டெப்னிக்கும்தான்!

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டளவுக்கு வந்துவிட்டால் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் பாக்கி. அதற்குமேல் அந்த டயரில் மழையில் போகக் கூடாது.

மடியில் வைத்த பெட்டி

'உடைஞ்சிடும்பா, நான் மடியிலேயே வெச்சிக்கிறேன்' என்று பின் சீட்டில் அத்தை சொல்வார். பாசம்தான். ஆனால், மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி அரை மீட்டருக்குள் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் தன் எடையைப்போல சுமார் 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 20 கிலோ பெட்டி 400 கிலோவாகத் தள்ளும். எந்தக் கையாலும் பிடிக்க முடியாது. மடியில் உட்கார்ந்திருக்கும் 10 கிலோ குழந்தைக்கும் இதே கணக்குதான். இதை எழுதவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம்.

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் அருகே சூர்யா ஆற்றுப் பாலத்தில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். அவர் பின் சீட்டில் சீட் பெல்ட் போடாமல் இருந்தார் என்று அப்போதே செய்திகள் வந்தன. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எல்லோரும் பின் சீட் பெல்ட் பற்றிப் பேசினோம். அதோடு சரி. பெல்ட் போடாவிட்டால் 1,000 ரூபாய், அனுமதித்ததைவிடக் கூடுதலாக ஏறும் ஒவ்வோர் ஆளுக்கும் 200 ரூபாய் என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது.

பீங்கானை அடுக்குவதிலும் இந்தக் கணக்கு உதவும். கனமான பெட்டிகள் டிக்கியின் தரையில், பின் சீட்டின் முதுகை ஒட்டி இருக்கட்டும். இடைவெளியை வைக்கோல், சாக்கு, பழைய போர்வை என்று எதையாவது வைத்து நிரப்புங்கள். பெட்டி நகராவிட்டால் விளக்கும் உடையாது, வளைவில் காரும் ஆடாது. சீட்டின் முதுகு உயரத்துக்கு மேல் எதையும் அடுக்காதீர்கள். பின்கண்ணாடியை மறைப்பது மட்டுமல்ல, பிரேக் அடித்தால் அது நேராகத் தலைக்குத்தான் வரும். டிக்கியின் கடைசி ஓரத்தில் எடை குவிந்தால் முன் சக்கரங்கள் லேசாகிவிடும். ஸ்டீயரிங் மிதக்கிற மாதிரி தோன்றினால் இதுதான் காரணம். முன் சக்கரம்தான் வண்டியை இழுக்கிறது, திருப்புகிறது என்கிற கார்களில் இது சின்ன விஷயமில்லை.

கூரை மேல் கேரியர் போட்டு மூட்டை ஏற்றுவதென்றால், கூரைக்கென்று தனி எடை வரம்பு கையேட்டில் இருக்கிறது. கேரியரின் எடையும் அதில் சேர்த்தி. பீங்கானைக் கூரையில் ஏற்றவே வேண்டாம். துணிப்பை மாதிரி லேசானது ஏதாவது இருந்தால் அது மேலே போகட்டும்.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பத்தி இருக்கும். சாம்பிள், சொந்த லக்கேஜ் தவிர சரக்கு ஏற்றுவது அந்த வரம்புக்குள் வராது. வீட்டுக்கு விளக்கு வாங்கி வருவது லக்கேஜ். கோயில் வாசலில் கடை போட பத்துப் பெட்டி வாங்கி வருவது சரக்கு. வழியில் ஏதாவது ஆனால் க்ளெய்ம் சிக்கலாகலாம். லோடு ஆட்டோ வாடகை மிச்சம் என்று நினைத்து, வருஷம் முழுக்க கட்டிய பிரீமியத்தைப் பணயம் வைப்பதாக ஆகிவிடும்.

'லோடு இருக்கு, இழுக்காது' என்பது பொய்

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த வருஷம் கார்த்திகை தீபம் டிசம்பர் 13. விளக்கு வியாபாரத்தின் உச்ச நேரத்தில் கடலூர், விழுப்புரம் மாவட்டங்கள் தண்ணீரில் நின்றன. சென்னை - திருச்சி தேசிய நெடுஞ்சாலையிலேயே அரசூர் அருகே வெள்ளம் ஓடி போக்குவரத்து நின்றது. தேசிய நெடுஞ்சாலைக்கே அந்த நிலை என்றால், கிராமத்துத் தரைப்பாலங்களைச் சொல்லவே வேண்டாம்.

இந்த மாதிரி நேரத்தில் ஒரு பேச்சு வரும். 'வண்டி லோடா இருக்கு, தண்ணி இழுக்காது.' கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது. சின்ன காரின் அடிப்பரப்பு தோராயமாக 5 சதுர மீட்டர். கார் தரைக்கு மேல் தண்ணீர் ஒவ்வொரு 10 சென்டிமீட்டர் ஏறும்போதும் அது சுமார் 500 கிலோவைத் தூக்கும். நீங்கள் ஏற்றிய 100 கிலோ பீங்கான், வெறும் 2 சென்டிமீட்டர் தண்ணீருக்குத்தான் சமம். 1,350 கிலோ காரும் முழங்கால் அளவுத் தண்ணீரில் மிதக்கத் தொடங்கும். ஓடும் தண்ணீராக இருந்தால் மிதக்கும் வரைகூட காத்திருக்காது, பக்கவாட்டில் தள்ளிவிடும். சுமார் 30 சென்டிமீட்டர் ஓடும் நீரே சின்ன கார்களை அடித்துச் செல்லப் போதும் என்று அமெரிக்காவின் தேசிய வானிலை சேவை பல வருஷமாக எச்சரிக்கிறது. சுமையால் தாழ்ந்த காரில் தண்ணீர் இன்ஜினின் காற்றுக் குழாய்க்கு இன்னும் சீக்கிரம் எட்டும் என்பது தனி.

ரயில்வே சுரங்கப்பாதைகள் இன்னும் மோசம். தேங்கிய தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் அப்படித் தேங்கிய தண்ணீரில் கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் உயிரிழந்தார். பாதையின் ஓரச் சுவரில் ஆழ அளவுக் கோடு இருந்தால் பாருங்கள். இல்லையென்றால், உங்களுக்கு முன்னால் உங்கள் கார் மாதிரியே ஒரு கார் போய் வந்தால்தான் போகலாம். பஸ் போகிறதே என்று பின்னால் போகக் கூடாது, பஸ்ஸின் உயரம் வேறு. தண்ணீரில் இன்ஜின் அணைந்துவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அந்த ஒரு திருப்பில் இன்ஜினே போய்விடும். தண்ணீர் ஏறுகிறது என்றால் பெட்டிகளை விட்டுவிட்டு, ஜன்னல் இறங்கும்போதே இறக்கி, எல்லோரும் வெளியேறுங்கள். விளக்கு மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

தண்ணீரைத் தாண்டி வந்த பிறகு பிரேக் ஈரமாக இருக்கும். பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்து மெதுவாகப் போய்க்கொண்டே இரண்டு மூன்று முறை லேசாக அழுத்தினால் காய்ந்துவிடும். கண்ணாடியில் ஆவி படிந்தால் ஏ.சி.யைப் போட்டு காற்றை கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். மழையில் நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ஓட்டாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போய்விடும். அது நின்றுபோன வண்டிக்கு.

வீடு வந்து பெட்டிகளை இறக்கியதும் இரண்டு வேலை பாக்கி. ஹெட்லைட் சக்கரத்தைப் பழையபடி 0-வுக்குத் திருப்புங்கள். இல்லையென்றால் மறுநாள் இரவு சாலையில் நாலு அடிக்கு மேல் எதுவும் தெரியாது. அடுத்த நாள் காலையில் டயர் ஆறியதும் பின் சக்கரங்களில் கூடுதலாக அடித்த காற்றை ஸ்டிக்கரில் உள்ள சாதாரண அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.